துணி வெயிலுக்கு ஏங்குது

பக்குரங்கா
8 ஜூன் 2014

பாக்யம்,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு நீ எழுதினாத்தான் தெரியும். எழுதினாலும் நம்பலாமாங்கறது வேற விஷயம்.

உன் கடுதாசி வந்துச்சு. ரவிதான் பெட்டியைத் திறந்து எடுத்தான். "அப்பா, அம்மா லெட்டர் போட்டிருக்காங்க! கடல் தாண்டி வந்து ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு, கார்ல அரை மணி நேரம், லெட்டர்!"னு சிரிச்சான். போன்ல பேசினா என்னங்கறான். எப்படிப் பேசுறது? என் காதுக்கு ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்குது. போட்டா இந்தப் பக்கம் மருமக கேக்குறா, பேரன் கேக்குறான். அந்தப் பக்கம் மக மலர் கேக்குறா, மாப்பிள்ளை கேக்குறார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிருதா, குளிருது. மைக் வச்சுக்கிட்டு வேற என்ன பேசுறது?

நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, எழுதிடுவ. எனக்குப் படிச்சுக் காட்டி எழுதிக் கொடுக்கறவர் சிவலிங்கம். ரெண்டு வீடு தள்ளி இருக்கார். மலேசியாவுல ஈப்போக்காரர், ரிட்டையர் ஆனவர். கடைத்தெரு பெஞ்சில உக்காந்துதான் இது நடக்குது. வீட்டு ஆளுங்களை எழுதச் சொன்னா நான் சொல்றது ஒண்ணு, காகிதத்துல ஏறுறது ஒண்ணுன்னு ஆகிடும். மருமக லக்ஷ்மிப்ரியா நல்ல பொண்ணுதான். ஆனா ரொம்ப நல்லபடியா நடந்துக்கறா. அதுதான் எனக்கு இடிக்குது.

விஷயத்துக்கு வரேன். உன் கடுதாசியை அவர் படிக்கப் படிக்க எனக்குச் சந்தேகம். "இங்கே மழை விடவில்லை, துணியெல்லாம் வெயிலுக்கு ஏங்குது"ன்னு எழுதியிருக்க. கொஞ்சம் கீழ, "தொட்டியில் வைத்த கறிவேப்பிலை நம் ஊர்ச் சூட்டுக்கும் மண்ணுக்கும் ஏங்குது"ன்னு. அப்புறம் "நாக்கு ஒரு நல்ல காபிக்கு ஏங்குது." இது உன் பேச்சு இல்லை. உன் வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டது ஒரே தடவை. நம்ம ஜோடிக் காளையில மயிலையை மட்டும் பிரிச்சு வித்துட்டு வந்தேன்ல, அன்னைக்குச் செவலை தவிட்டுத் தொட்டியில வாய் வைக்கல. நீ மாட்டுக்கொட்டாய் படியில நின்னு, ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே, "அது ஏங்குதுங்க, போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க"ன்ன. பச்சைச் சீலை, கரையில கிழிசல். மணப்பாறைச் சந்தையில முப்பது வருசம் தரகு பாத்தவன் நான், பாத்தது மறக்காது.

அப்ப மாட்டுக்குச் சொன்ன வார்த்தையை நீ இப்பத் துணிக்குச் சொல்றேன்னா, யாரோ பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கறாங்க. யாரு, மலரா? எதுக்கு? அந்த வீட்ல உனக்கு என்ன குறை? உள்ளதை எழுது.

கீழ என் கைநாட்டு இருக்கு. அது இல்லாம என் பேர்ல கடுதாசி வந்தா நம்பாத.

கோதண்டராமன்
(இடது பெருவிரல்)


ஹில்ஸ்பரோ
17 ஜூன் 2014

ரவி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கைநாட்டைப் பார்த்தேன். பேனா மையைத் தேய்த்து வைத்திருக்கிறீர்கள், பாதி ரேகை விழவில்லை. ஸ்டாம்பு மை வாங்கிக் கொள்ளுங்கள்.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மலர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தால் படுத்தால் போதும் என்று விழுகிறாள், அவளா எனக்குப் பாடம் நடத்துவாள்? மாப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. மிச்சம் இருக்கிறது அவளுடைய கைப்பிள்ளை ஒன்றுதான். அவன் "ங்கா" என்கிறான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை தாய்ப்பாலுக்கு ஏங்கிக் கொஞ்ச நேரம் அழுகிறான், புட்டிப்பாலைக் கொடுத்ததும் தூங்கிவிடுகிறான். பக்கத்து வீட்டுக் கிழவி வெள்ளைக்காரி, வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பேச்சுத் துணைக்கு ஏங்குகிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எலுமிச்சம்பழம் பறித்துத் தருகிறாள். நான் ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாளா, கொட்டினாளா தெரியவில்லை, பாட்டிலைக் கழுவித் திருப்பித் தந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்ன்வால் பார்க் என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஊருக்கு நடுவே மாடு மேய்கிறது. ஒன்றுக்கும் மூக்கணாங்கயிறு இல்லை. ஒரு பசு கன்றைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, கன்று ஏங்கிப்போய்க் கத்தியது, உடனே திரும்பி வந்து நக்கிக் கொடுத்தது. நீங்கள் இருந்தால் வேலி தாண்டிப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள்.

உங்களுக்கு அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும். லக்ஷ்மிப்ரியா தோசை மெல்லிசாக ஊற்றுவாள். பெஞ்சும் இருக்கிறது, சிரித்துப் பேச மலேசியாக்காரரும் இருக்கிறார். வேறென்ன வேண்டும்.

பாக்யலட்சுமி


பக்குரங்கா
29 ஜூன் 2014

பாக்யம்,

கடைசி வரியில ஒரு முள் வச்சிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.

அதை விடு. இந்தத் தடவையும் பிள்ளை ஏங்குது, கிழவி ஏங்குறா, கன்னு ஏங்குது. அந்த வீட்டைச் சுத்தி உள்ளதெல்லாம் ஏங்குது, நீ மட்டும் ஒரு குறையும் இல்லாம இருக்கியாக்கும்? சந்தையில மாடு விக்க வரவன், "கண்ணுல தண்ணி வடியுதா? தூசிங்க. கால் சாயுதா? வண்டியில நின்ன அசதிங்க. மத்தபடி மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை"ம்பான். குறையில்லைன்னு வாயால சொன்னா, நான் ரெண்டாவது தடவை சுத்திவந்து பாப்பேன்.

சிவலிங்கம் இந்த இடத்துல பேனாவை வச்சுட்டார். "அண்ணே, உங்க வைஃப்பை மாட்டோட சேத்து எழுதுறது நல்லா இல்லைலா"ங்கறார், அந்த ஊர் "லா"வோட. நான் சொல்றதை மட்டும் எழுதுய்யான்னுட்டேன். இதையும் சேத்து எழுதச் சொன்னேன், எழுதுறார்.

அவர்மேலயும் எனக்கு ஒரு கண்ணு இருக்கு. நல்ல மனுசன், ஆனா பழைய பாட்டா பாடிக்கிட்டே இருக்கறவர். நீ எழுதாத வார்த்தையை ருசிக்காகச் சேத்துப் படிக்கிறாரோன்னு சந்தேகம். (இதையும் எழுதுய்யா. பரவாயில்லை, எழுது.)

மெல்லிசு தோசை சாப்பிட்டு எனக்கு வயிறு ரொம்பறதில்லை. காலையில எட்டரைக்குப் பேரன் அகிலை ஸ்கூல்ல விடணும், மூணு மணிக்குக் கூட்டிட்டு வரணும். நடுவுல வீட்ல நானும் ஹீட்டரும். ஹீட்டர் போட்டாக் கரண்ட் பில்லுன்னு யாரும் சொல்லல, நானா அணைச்சு வச்சிடுறேன்.

அங்க யாராவது வந்து போறாங்களா? உண்மையை எழுது.

கோதண்டராமன்
(கைநாட்டு, ஸ்டாம்பு மை)


ஹில்ஸ்பரோ
10 ஜூலை 2014

ரவி அப்பாவுக்கு,

ரேகை இப்போது சுத்தமாக விழுந்திருக்கிறது.

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மார்ச்சளி பிடித்தால் யார் பார்ப்பது.

வந்து போகிறவர்கள் கேட்டீர்கள். தச்சு வேலைக்காரர்கள் வந்து போனார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜை மாப்பிள்ளை ரூமாக மாற்றிவிட்டார். தரையில் கார்ப்பெட், ஒரு பெரிய கட்டில், ஒரு ஜன்னல். பாத்ரூம் போக மழையில் நனைய வேண்டியதில்லை, ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நான் தினமும் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன். பெருக்க ஒன்றும் இல்லை, யாராவது இருந்தால்தானே குப்பை விழும். நல்ல ரூம். ஆள் வாசனைக்கு ஏங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது.

மழை இன்னும் விடவில்லை.

பாக்யலட்சுமி


பக்குரங்கா
24 ஜூலை 2014

பாக்யம்,

யாருக்கு அந்த ரூம்?

கட்டில் போட்டு, கார்ப்பெட் போட்டு, கதவு வச்சு, ஒருத்தன் காரை மழையில நிறுத்துறான்னா காரணம் இருக்கு. வாடகைக்கு ஆள் வைக்கப் போறாங்க. படிக்க வந்த பையன் எவனாவது வருவான், நீ அவனுக்கும் சேத்துச் சோறாக்குவ. இல்லைன்னா மாப்பிள்ளையோட அம்மாவை ஊர்ல இருந்து வரவழைக்கப் போறாங்க. விசாவுக்குப் போட்டிருப்பாங்க. நீ கேட்டியா? கேக்க மாட்ட. பெருக்கிக்கிட்டு மட்டும் இருப்ப.

இன்னொண்ணு. நான் ஒரு காரியம் பண்ணினேன். சந்தையில ஒரு மாட்டை ஒரு ஆள் பாத்துச் சொன்னா எடுக்க மாட்டேன். இன்னொரு ஆளை, முதல் ஆளுக்குத் தெரியாம, பாக்கச் சொல்லுவேன். அதேபோல, சிவலிங்கம் படிச்ச கடுதாசியைக் கொண்டுபோய் மருமககிட்டக் கொடுத்து, கண்ணாடி உடைஞ்சிருக்கு படிச்சுச் சொல்லும்மான்னேன். எனக்குப் படிக்கவே தெரியாதுங்கறது அவளுக்குத் தெரியும். வாங்கிப் படிச்சா. ரெண்டு பேர் படிச்சதும் ஒரு எழுத்து மாறல. ஆள் வாசனைக்கு ஏங்கிக்கொண்டுன்னு அப்படியே இருக்கு. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்தா. "மாமா, அத்தை வந்து..."ன்னு ஏதோ ஆரம்பிச்சா. போதும்மான்னு காகிதத்தை வாங்கிட்டேன்.

ஆக, சிவலிங்கம் சேக்கல. மருமக மறைக்கல. மலர் சொல்லிக் கொடுக்கல. மிச்சம் இருக்கறது நீ. துணிக்கு எழுதுற, செடிக்கு எழுதுற, நாக்குக்கு, கன்னுக்குட்டிக்கு, வெள்ளைக்காரிக்கு, கடைசியில நாலு சுவத்துக்கு எழுதுற. கட்டின புருசனுக்கு எழுத ஒரு வார்த்தை மிச்சம் இல்லை. பொங்கலுக்கு அப்புறம் போனவ. போற அன்னைக்குப் பெட்டியைக் கார்ல ஏத்தும்போது திரும்பிப் பாக்கல, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அங்க போனதுல உனக்குச் சந்தோசம். அதை நேரா எழுதிட்டா முடிஞ்சுது.

கோதண்டராமன்
(கைநாட்டு)


ஹில்ஸ்பரோ
6 ஆகஸ்ட் 2014

ரவி அப்பாவுக்கு,

உங்களுக்குப் பாத்தது மறக்காது என்று பெருமை. அப்படியானால் நான் பார்த்ததையும் கேளுங்கள்.

மலருக்குப் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த மறுவாரம். ரவி வீட்டுச் சாப்பாட்டு மேசை. நீங்கள் ஜன்னல் பக்கம், நான் அடுப்புப் பக்கம். ரவி தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னான்: "அம்மா கொஞ்ச நாள் மலர் வீட்ல இருக்கட்டும், அப்பா இங்க அகிலைப் பாத்துக்கட்டும். உங்களுக்கு எப்படிப்பா?" அவன் என்னைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாயையே பார்த்தேன். நீங்கள் அப்பளத்தை ஒடித்தீர்கள். ஒடித்துக்கொண்டே, "எனக்கென்ன" என்றீர்கள். "அவ எங்க இருந்தா எனக்கென்ன. உங்க சௌகரியம்" என்றீர்கள்.

அதற்கப்புறம் நான் என்ன சொல்ல வேண்டும்? ஐயோ நான் போக மாட்டேன் என்று பிள்ளைகள் முன்னால் அழ வேண்டுமா? சரி, போகிறேன் என்றேன். பெட்டி ஏற்றும்போது திரும்பிப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அதனால் பார்க்கவில்லை.

எனக்கென்ன என்று சொன்ன ஆளுக்கு நான் என்னத்தை எழுதுவது? துணிக்கு எழுதினால் துணி எனக்கென்ன என்று சொல்லாது. செடி சொல்லாது.

அந்தக் கராஜ் ரூம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிலில் ரெண்டு தலையணை கிடக்கிறது. ஒன்றில் நான் படுப்பதில்லை, இன்னொன்றிலும் படுப்பதில்லை. பிள்ளை ரூமில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை, "அத்தை, மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேளுங்க, அவருக்கு அங்கதான் பிடிச்சிருக்குன்னா வற்புறுத்த வேணாம்" என்கிறார். உங்கள் பிள்ளைகள் எல்லோரும் உங்கள் "எனக்கென்ன"வை நம்பிவிட்டார்கள். நானும்தான்.

உங்கள் மலேசியாக்காரரை இதைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெஞ்சில் பக்கத்தில் யார் இருப்பார்களோ.

பாக்யலட்சுமி


பக்குரங்கா
15 ஆகஸ்ட் 2014

பாக்யம்,

சத்தம் போட்டுத்தான் படிச்சார். எனக்குக் காது கேக்காதே.

படிச்சு முடிச்சுக் காகிதத்தை நாலா மடிச்சு என் மடியில வச்சார். பக்கத்துப் பெஞ்சில ஒரு சீனாக்காரக் கிழவன் பன் தின்னுக்கிட்டு இருந்தான், புறாவுக்கும் போட்டான். அப்புறம் சிவலிங்கம், "அண்ணே, இதுக்கு என்ன பதில்லா எழுதுறது?"ன்னார். நியாயத்தை எழுதுங்கன்னேன்.

நியாயம் என்னன்னா, ஒரு தரகன் மாட்டைப் பாத்த உடனே வேணும்னு முகத்துல காட்டினா அவன் பொழப்பு அன்னைக்கே போச்சு. எனக்கென்னன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு எட்டு நடக்கணும். எதிராளி கூப்பிடுவான். அதுக்கப்புறம்தான் பேரமே. நான் எதிராளின்னு நெனைச்சது ரவியை. நான் ரெண்டு எட்டு நடந்தா, "அதெப்படிப்பா, அம்மா இல்லாம நீங்க"ன்னு அவன் கூப்பிடுவான்னு பாத்தேன். அதுக்குள்ள அடுப்புப் பக்கத்துல இருந்து "சரி, போறேன்"னு ஒரு குரல். பேரத்தை முடிச்சது நீ! நான் விலையே சொல்லல.

இதுல யார்மேல தப்புன்னு நீயே சொல்லு.

ரூமைப் பத்தி எழுதினது தெரிஞ்சுது. ஆனா மாப்பிள்ளை மனசாரச் சொல்றாரா, மலர் நெருக்கிச் சொல்லச் சொன்னாளா? பிள்ளை பாக்க ரெண்டு ஆளாச்சுன்னு கணக்கா? இங்க நான் கிளம்பினா அகிலை யார் ஸ்கூல்ல இருந்து கூப்பிடுறது? நான் கேட்டு, ரவி முகம் மாறினா? இந்த வயசுல ஒரு வீட்டைக் கேட்டு வாங்கினவன்னு பேர் எனக்கு எதுக்கு? அவங்களா கூப்பிடட்டும்.

அகில் பிறந்தநாளுக்கு மவுண்ட் வெல்லிங்டன்ல ஏதோ ஹோட்டல்னு சொன்னாங்க. நீயும் வருவல்ல. அங்க பாத்துக்கலாம்.

கோதண்டராமன்
(கைநாட்டு)


ஹில்ஸ்பரோ
2 செப்டம்பர் 2014

ரவி அப்பாவுக்கு,

பிறந்தநாள் நன்றாக நடந்தது. கேக் எனக்குத் தித்திப்பு அதிகம்.

ஒரே ஒரு காரியம் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் உங்கள் வீடு நிறைய ஆள். கூடத்தில் உங்கள் அப்பா, அண்ணன்மார், வந்தவர் போனவர். புருசன் பெண்டாட்டி நேருக்கு நேர் பேச முடியாது. நீங்கள் சந்தையில் அடுத்தவருக்குத் தெரியாமல் விலை பேசுகிற மாதிரி என் கைமேல் துண்டைப் போடுவீர்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து ஒன்று கேட்பீர்கள். சம்மதமென்றால் உங்கள் கையை முழுதாக மூடிப் பிடிப்பேன், இல்லையென்றால் உதறிவிடுவேன். மேலே பார்க்கிறவர்களுக்கு ஏதோ துணி கிடக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் அந்த ஹோட்டலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்தது. இந்த ஊர்க் கோட்டுக்குமேலே எதற்குத் துண்டு என்று மருமகள் கேட்டாள், குளிருகிறது என்றீர்கள். மேசைக்குக் கீழே துண்டு என் கைமேல் வந்தது. விரலைப் பிடித்தீர்கள். நான் முழுக் கையாக மூடினேன். உதறவில்லை.

சரியாக அந்த நேரத்தில் ரவி கேட்டான், "அப்பா, இன்னும் ஒரு வருசம் இப்படியே ஓடட்டுமா? உங்களுக்கு ஓகேதானே?"

துண்டுக்குள்ளே என் கை உங்கள் கையில் இருக்கிறது. வாய் "எனக்கென்ன" என்றது.

நான் கையை எடுத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்தீர்கள், மறுபடி ஒடிக்க அப்பளம் கிடைக்கவில்லை, டிஷ்யூ பேப்பரைக் கிழித்தீர்கள்.

பிள்ளைகளிடம் நான் பேசிக்கொள்ள முடியும். மலரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே கார் வரும். சொல்ல மாட்டேன். நீங்கள் வர விரும்பி வர வேண்டும், நான் கூப்பிட்டு ஆள் விட்டு ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. இந்தக் கடிதத்துக்கப்புறம் நான் எழுதப் போவதில்லை. துணிக்கும் செடிக்கும்கூட. துண்டுக்குள்ளே சொன்னதை வெளியே சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். முடியாதென்றால் எனக்கும் பழகிவிடும்.

போகிற போக்கில் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் செவலை. ரெண்டு நாள் முரண்டும், அப்புறம் தின்னும் என்றீர்கள். நான் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கொட்டாய் காலி. நல்ல விலை வந்தது, வித்துவிட்டேன் என்றீர்கள். அது தின்றதா?

பாக்யலட்சுமி


பக்குரங்கா
10 செப்டம்பர் 2014

பாக்யம்,

கையெழுத்து வேற மாதிரி இருக்கேன்னு சந்தேகப்படாத. சந்தேகம் என் தொழில், உனக்கு வேண்டாம். எழுதுறது நம்ம மருமக.

சிவலிங்கம் நல்லாத்தான் இருக்கார். உன் கடுதாசியை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். ரெண்டாவது தடவை முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "அண்ணே, இதுக்கு நான் எழுத மாட்டேன்லா. இது வீட்டுக்குள்ள சொல்ல வேண்டியது"ன்னுட்டார். கோபம் வந்துச்சு. வீடு வரைக்கும் நான் ரெண்டு எட்டு முன்னாலயே நடந்தேன்.

சாயங்காலம் அந்தச் சாப்பாட்டு மேசையிலயே உக்காந்து, பேனா எடும்மான்னு மருமககிட்டச் சொன்னேன். "நான் எழுதினா நம்புவீங்களா மாமா?"ன்னு கேட்டா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. பெஞ்சு தெரியும், உடைஞ்ச கண்ணாடி தெரியும். "அன்னைக்கு அந்த லெட்டரைப் படிச்சுட்டு, அத்தை உங்களைத்தான் கூப்பிடுறாங்கன்னு சொல்ல வந்தேன், நீங்கதான் பிடுங்கிட்டீங்க"ன்னா. எழுதும்மான்னேன்.

முதல்ல செவலை. அது தின்னல. நீ உன் கையால ஊட்டின வரைக்கும் ஏதோ நாலு வாய் தின்னுச்சு, நீ ஊருக்குப் போனதும் அதையும் நிறுத்திடுச்சு. ஏர்ல கட்டினா ஜோடி நின்ன பக்கமே சாஞ்சு சாஞ்சு நடந்துச்சு. ஏங்குற மாட்டைச் சந்தைக்குக் கொண்டு போனாக் கசாப்புக்காரன்தான் வருவான். அதனால சந்தைக்குப் போகல. மயிலையை வாங்கின ஆள் துவரங்குறிச்சிப் பக்கம். விடியக்கால ஓட்டிக்கிட்டு நடந்தே போனேன். ஊர் எல்லை வந்ததும் கயித்தை என் கையில இருந்து பிடுங்கிக்கிட்டு ஓடுச்சு பாரு, நான் பின்னால செருப்பை விட்டுட்டு ஓடுறேன். மயிலை கட்டுத்தறியில நின்னு கத்துது. அந்த ஆள் என்னைப் பாத்துச் சிரிச்சான். தரகனாய்யா நீன்னு கேட்டான். அவன் கொடுத்ததை வாங்கிக்கிட்டு வந்தேன், திரும்பி வர்ற வண்டிக்கூலிக்குத்தான் காணும். உன்கிட்ட நல்ல விலைன்னேன். தரகன் பொண்டாட்டி அதைத் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நான் வீட்ல எப்படிப் பேரம் பேசுறதுன்னுதான் சொல்லல. வேற ஒண்ணுமில்லை.

இதை எழுதிட்டு மருமக மூக்கை உறிஞ்சிக்கிட்டா. சளியான்னேன். ஆமா மாமாங்கறா.

அடுத்தது எழுதிக்கோம்மான்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். "கேக்கல மாமா"ன்னா. எனக்குத்தான் காது மந்தம்னு பாத்தா, இவளுக்குமா? இன்னொரு தடவை சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா." வேணும்னே பண்றாளோன்னு இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. (எழுதும்மா, சிரிக்காத.) சரின்னு சத்தமாச் சொன்னேன். "நான் பாக்யத்துக்கு ஏங்குறேன்னு போடு"ன்னேன். என் சத்தம் எவ்வளவுன்னு எனக்கு எங்க தெரியுது. மாடியில இருந்து ரவி இறங்கி ஓடிவரான். அகில் என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டு அவன் பின்னால வரான். பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சாம்.

ரவி படிக்கட்டுலயே நின்னுட்டான். "அப்பா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னான். முகம் மாறுச்சு. நான் பயந்த மாதிரி மாறல, வேற மாதிரி. "அன்னைக்கு நீ கேட்டதும் நான் பேரம் பேச ஆரம்பிச்சுட்டேன்டா"ன்னேன். அவனுக்குப் புரியல. அவன் கம்ப்யூட்டர் படிச்சவன்.

அகிலை ஸ்கூல் முடிஞ்சு அங்கயே ஒரு இடத்துல வச்சுப் பாத்துக்குவாங்களாம், மருமக ஷிப்டை மாத்திக் கேக்குறாளாம். அகில் என்கூடப் பேசாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். அது சும்மா தீராது. சனிக்கிழமையானா அவனை அங்க கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கேன், உன் ஊறுகாயைக் காட்டிச் சமாதானம் பண்ணணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். சோறு வை. தோசை வேணாம். அந்த ரூம் ஜன்னல் காலை வெயில் மூஞ்சில அடிக்கிற பக்கம்னா கட்டிலை இப்பவே திருப்பிப் போட்டு வை. வெயில் வர்ற இடத்தை உன் துணிக்கு விட்டுத் தரேன்.

மருமக ஸ்டாம்பு மையை எடுத்து வச்சிருக்கா, விரலைக் காட்டுங்க மாமாங்கறா. இதுல வைக்கல. ஆளே வரும்போது ரேகை எதுக்கு.

கோதண்டராமன்